மஞ்சள் சீட்டு

விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட ‘லே மிஸெராப்ள்’ என்னும் பெருநாவலைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழாக்கித் தந்தார். 1950இல் அது திரைப்படமாகவும் வந்தது. ரொட்டி திருடியவனின் துயரக் கதையென்றே நம் இல்லங்களில் அது நினைவுகூரப்படுகிறது. ஆயினும் கதையின் உயிர்நிலை திருட்டில் இல்லை. தண்டனை முடிந்த பின்னர் தொடங்கும் தண்டனையிலேயே இருக்கிறது.

சகோதரியின் ஏழு குழந்தைகளுக்காகத் திருடிய ஜீன் வால்ஜீனுக்கு விதிக்கப்பட்டது ஐந்தாண்டு. தப்பியோட முயன்றதால் அது 19 ஆண்டாக வளர்ந்தது. 1815இல் விடுதலையானவனுக்கு மஞ்சள் நிறக் கடவுச்சீட்டு ஒன்று தரப்படுகிறது. அதைக் கண்டதும் சத்திரங்களின் கதவுகள் சாத்தப்படுகின்றன. இஃது ஆசிரியரின் வெறுங்கற்பனையன்று. 1810ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம், தண்டனை முடிந்தோரைக் காவல்துறைக் கண்காணிப்பில் வைக்க இடமளித்தது.

ஹியூகோ உண்மையை மறைக்கவில்லை. ஆயர் மிரியேல் மன்னித்து அனுப்பிய பின்னரும், வால்ஜீன் ஒரு சிறுவனின் நாற்பது சூ நாணயத்தைப் பறித்துக்கொள்கிறான். சமுதாயத்தின் அச்சத்திற்கும் காரணமுண்டு என்பதை நாவலே ஒப்புக்கொள்கிறது. எனினும் நாவலின் குறையும் இவ்விடத்திலேதான். பசிக்குத் திருடியவனை முன்னிறுத்தியதால் நம் இரக்கம் எளிதில் கிடைத்துவிடுகிறது. குழந்தையைச் சிதைத்தவன் அந்த இடத்தில் நின்றால் நாம் கதவைத் திறப்போமா?

அக்கேள்வியை அதே பிரான்சு 2008இல் எதிர்கொண்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கொடுங்குற்றங்களுக்காக 15 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், கடுமையான ஆளுமைக் கோளாற்றால் மீண்டும் குற்றமிழைக்கக்கூடும் என நீதிபதிகள் கருதினால், தண்டனை முடிந்த பின்னரும் அடைத்து வைக்கப்படலாம். காலம் ஓராண்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். இது தண்டனையன்று என்றது பிரான்சின் அரசியலமைப்பு மன்றம். அப்படிச் சொன்ன மன்றமே, சட்டம் வருமுன் தண்டிக்கப்பட்டோர்மீது இக்காவலை ஏவலாகாது என்றும் தடுத்தது. பெயர் எதுவாயினும், பறிபோவது மனிதனின் சுதந்திரமே என்பதை மன்றமும் உணர்ந்திருந்தது.

அறபியில் யகீன் என்றால் உறுதி. ளன் என்றால் ஊகம். நடந்த குற்றத்திற்குச் சான்றும் சாட்சியும் உண்டு. நடக்கவிருப்பதற்கு ஊகமே உண்டு. ஊகத்தைக் கொண்டு கண்காணிப்பது ஒன்று. ஆண்டுக்கணக்கில் பூட்டி வைப்பது வேறொன்று. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் அச்சத்தை நாம் இலேசாக எண்ணவில்லை. அதற்காகவே கேட்கிறோம்: பதினைந்து ஆண்டுகள் ஒருவனைக் கையில் வைத்திருந்த சிறை, அக்காலத்தில் அவனைத் திருத்த என்ன செய்தது? ஜெர்மானிய அரசியலமைப்பு நீதிமன்றம் 2011இல் இவ்வழியிலேயே தீர்ப்பளித்தது. இத்தகைய காவல் சிறையினின்று தெளிவாக வேறுபட வேண்டும். சிகிச்சை சிறைக்காலத்திலேயே தொடங்க வேண்டும் என்றது.

நாவலில் வால்ஜீனைத் துரத்தும் அதிகாரி ஜாவர். அந்தப் பாத்திரத்தில் நடித்த சீதாராமனுக்கு அப்பெயரே அடைமொழியாக நிலைத்துவிட்டது. ஜாவர் கொடியவனல்லன், கடமை தவறாதவன். மனிதன் மாறக்கூடும் என்பது மட்டும் அவன் கணக்கில் இல்லை. மாறியவனை நேரில் கண்டபோது அதைத் தாங்கமாட்டாமல் சேன் நதியில் வீழ்ந்து மாண்டான். ஆண்டுதோறும் காவலைப் புதுப்பிக்க அமரும் நீதிபதிகள், எதிரே நிற்பவன் மாறியிருக்கிறானா என்று மெய்யாகவே பார்க்க வேண்டும். பார்க்க மறுத்தால் அவர்கள் கையெழுத்திடுவது பழைய மஞ்சள் சீட்டிலேயே.