சத்தம் வரலை: ஆல்சாமிக்சர் மீது ஒரு குறை

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பழைய அரசு லேப்டாப் ஒன்றாவது கிடக்காத தெரு குறைவு. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை. ஆரம்ப வருடங்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். இன்று அவற்றைத் தூசி தட்டுகிறவர்கள் பலரும் டெபியனோ உபுண்டுவோ போடுகிறார்கள். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருப்பதால் சந்தேகம் கேட்க ஆளும் உண்டு. வைஃபை வரும், தமிழ் எழுத்து வரும். அப்புறம் அந்தக் கேள்வி வரும்: "அண்ணா, சத்தம் மட்டும் வரலை."

"டிரைவர் இல்லப்பா" என்பது வழக்கமான பதில். பல சமயம் அது தப்பு. ஏபிளே கட்டளையைக் கேட்டால் கார்டு பட்டியலில் இருக்கும். பாட்டு ஓடும், நொடிகள் நகரும், ஒரு பிழைச்செய்திகூட வராது. எல்லாம் சரியாக இருக்கிறது, காதுக்கு மட்டும் எதுவும் வரவில்லை. லினக்ஸ் ஒலியமைப்பில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்: ஏன் வாய் மூடியிருக்கிறோம் என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை.

1992-ல் ஹன்னு சவோலைனன் தொடங்கிய ஓஎஸ்எஸ், ஒலி அட்டையை யூனிக்ஸ் வழக்கப்படி ஒரு கோப்பாகக் காட்டியது. அந்தக் கோப்பில் தரவை எழுதினால் சத்தம், அவ்வளவுதான். ஃப்ரீபிஎஸ்டி இன்றும் அந்த வழியில்தான் போகிறது. லினக்ஸோ, யாரோஸ்லாவ் கைசெலா 1998 வாக்கில் தொடங்கிய ஆல்சாவுக்கு மாறியது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் அதுவே முதன்மை. சிப்புக்குள் எத்தனை திருகு இருக்கிறதோ அத்தனையையும் ஆல்சா வெளியே காட்டும். பொறியாளனாக எனக்கு அந்த நேர்மை பிடிக்கும். ஆனால் ஆல்சாமிக்சரைத் திறந்து பாருங்கள். மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர், பிசிஎம், பீப் என்று வரிசையாகக் கம்பங்கள். சிலவற்றின் அடியில் 'எம்எம்' என்று இருக்கும். அது மூடியிருக்கிறது என்று அர்த்தம். எம் விசையை அழுத்தினால் திறக்கும். புதிதாக வந்தவனுக்கு இது எப்படிங்க தெரியும்? திடீரென்று ஸ்பீக்கர் அலறக்கூடாது என்று எல்லாவற்றையும் மூடியே ஆரம்பிப்பது ஆல்சாவின் வழக்கம். காரணம் நியாயமானதுதான். திறந்துவிடும் வேலை மட்டும் டிஸ்ட்ரோவின் தலையில் விழுகிறது.

பழைய லேப்டாப்பில் இன்னொரு வில்லன் 'ஆட்டோ மியூட்'. ஹெட்போன் ஓட்டை தேய்ந்துபோனால், எதுவும் செருகாமலே செருகியிருப்பதாகக் கெர்னல் நம்பும், ஸ்பீக்கரை அடைத்துவிடும். ஆல்சாமிக்சரில் வலது கோடிவரை போய் அதை அணைத்தால் சத்தம் வந்துவிடும். மேல் அடுக்கில் பல்ஸ்ஆடியோ, பைப்வயர் இருக்கும் கணினிகளில் பாவுகன்ட்ரோல் என்ற கருவி 'ஹெட்போன் செருகப்பட்டுள்ளது' என்றாவது காட்டும். அந்தப் பெருமை அதற்கு உண்டு. ஆனால் அதைத் திறக்கணும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமே.

பாட்டு கேட்பவனுக்கு இது எரிச்சல். பார்வையற்ற மாணவனுக்கு அப்படி இல்லை. ஆர்க்கா திரைவாசிப்பான் வழியாகக் கணினி பயன்படுத்துகிறவனுக்குச் சத்தம்தான் திரை. 'எம்எம்' என்று எழுதியிருப்பதைப் படித்துக் காட்டக்கூட முதலில் சத்தம் வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. ஏமிக்சர் கட்டளையை மனப்பாடமாக அடிக்கலாம்தான். எந்தத் திருகு மூடியிருக்கிறது என்று யார் சொல்வது? இதற்குக் கையிருப்பு வைத்தியம் ஒரு யுஎஸ்பி ஒலி அட்டை. சில நூறு ரூபாய்தான். பெரும்பாலும் தனி டிரைவர் எதுவும் கேட்காது, திருகுகளும் குறைவு. பக்கத்து ஊர் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இதைச் சரியாகச் செய்ய முடியாது என்றும் இல்லை. டெபியன் நிறுவியில் பேச்சு வசதி உண்டு. தொடக்கப் பட்டியலில் எஸ் விசையை அழுத்தி ஆரம்பிக்கலாம். ஒன்றுக்கு மேல் ஒலி அட்டை இருந்தால் ஒவ்வொன்றின் வழியாகவும் பேசிப் பார்த்து, "இது கேட்டால் என்டர் அடி" என்கிற மாதிரி கேட்கும். கேட்கிற அட்டையில் என்டர் அடித்தால் போதும். இதே சோதனையை நிறுவி முடித்த டெஸ்க்டாப்பில், ஒவ்வொரு அட்டைக்கும் ஒவ்வொரு திருகுக்கும், ஒரே விசையில் ஏன் வைக்கவில்லை?