பெட்டியில் எழுதாத எண்கள்

போன மாசியில் பெரியம்மா தவறிப்போனாள். ராத்திரி பதினொரு மணிக்கு. அண்ணன் அங்கிருந்து அம்மாவுக்கு எட்டுத் தடவை அடித்திருக்கிறான். எட்டுத் தடவையும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. அம்மா எங்கேயும் போகவில்லை. வீட்டில்தான் படுத்திருந்தாள். போன் தலைமாட்டில் இருந்தது, சார்ஜ் இருந்தது, மூன்று கோடு சிக்னலும் இருந்தது. விடிந்ததும் பால்காரர் சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள், முகம் பார்த்துவிட்டாள். ஆனால் அந்த ராத்திரி முழுக்க அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் அவள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இந்தப் போனை எடுத்துட்டுப் போயிருப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் போன் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்தது. நல்ல கம்பெனி, நல்ல கேமரா, இங்கே வாங்கினால் இருபதாயிரத்துக்கு மேல். ஓசியில் வந்த போனில் குற்றம் பார்க்கிற பழக்கம் நம்ம வீடுகளில் கிடையாது. நானும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஊருக்குப் போய் உட்கார்ந்து சோதித்தேன். போனை 4ஜியில் விட்டு என் போனிலிருந்து அடித்தால் பாதி நேரம் போகவில்லை. செட்டிங்ஸில் 2ஜி மட்டும் என்று மாற்றி, வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய் வைத்து அடித்தால் மணி அடித்தது. காரணம் இதுதான்: 4ஜி என்பது அடிப்படையில் டேட்டாவுக்கான வலை. அதில் குரல் போக வேண்டுமென்றால் வோல்ட்டி வேண்டும். அது போனிலும் இருக்கணும், இந்த ஊர் நிறுவனத்துக்கென்று போனின் மென்பொருளில் திறந்தும் விட்டிருக்கணும். வேறொரு நாட்டுச் சந்தைக்காக எழுதிய மென்பொருளில் பல சமயம் அது திறந்திருக்காது. அப்போது அழைப்பு வந்தால் போன் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசணும். 3ஜியைத் தனியார் நிறுவனங்கள் இங்கே மூடிவிட்டன. ஏர்டெல் 2020-லேயே மூடியது. மிச்சம் 2ஜி. எங்கள் தெருவில் 2ஜி வாசல் வரைக்கும்தான் வருகிறது, தலைமாட்டுக்கு வருவதில்லை. திரையில் தெரிந்த மூன்று கோடு 4ஜியின் கோடு. குரலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

(ஜியோவில் இறங்கவே படிக்கட்டு கிடையாது. 2016 செப்டம்பரில் ஆரம்பித்தபோதே 2ஜி, 3ஜி இல்லாமல் ஆரம்பித்தார்கள். வோல்ட்டி இல்லாத போனில் அந்த சிம்மைப் போட்டால், தனி ஆப் இல்லாமல் சாதாரணமாகப் பேசவே முடியாது.)

சரி, பன்னிரண்டாயிரத்துக்குள் இங்கேயே ஒரு போன் வாங்கிவிடலாம் என்று முடிவு பண்ணினேன். இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம். ஒரு வாரம் முழுக்க, தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்த விலைக்கு வரும் போன்களுக்கான விமர்சனங்களைப் பார்த்தேன், படித்தேன். பதினைந்துக்கு மேல் இருக்கும். எல்லாம் ஒரே சடங்கு. பெட்டியைப் பிரிப்பது, உள்ளே கவர் இருக்கா என்று பார்ப்பது, முதுகைத் தடவிப் பார்ப்பது, பால்கனித் தொட்டிச் செடியைப் படம் எடுப்பது, ஒரு கேம், சார்ஜ் எத்தனை நிமிஷத்தில் ஏறுது. ஒருத்தர் கூட அந்தப் போனில் யாருக்காவது போன் பண்ணிப் பேசிப் பார்க்கவில்லை. ஒரே ஒருத்தர் எந்தெந்த பேண்ட் என்ற பட்டியலை மூன்று விநாடி காட்டினார். நான் நிறுத்திப் படிப்பதற்குள் ஸ்பான்சர் வந்துவிட்டார்.

இதில் அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. விமர்சகர் உட்கார்ந்திருப்பது சென்னையில், கோவையில். அங்கே எந்தப் போனும் ஏதோ ஒரு கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். ரேடியோ நன்றாக இருக்கிறதா என்று சோதிக்க ரேடியோ திணறுகிற இடத்துக்குப் போகணும். அது வீடியோவுக்கு ஆகாது. ஆனால் விளைவு என்ன என்றால், போன் என்ற பொருளில் போனாக இருக்கிற பகுதியை மட்டும் யாரும் விமர்சிப்பதில்லை. கேமராவுக்கு நூறு வார்த்தை, நெட்வொர்க்குக்கு "5ஜி சப்போர்ட் இருக்கு" என்று மூன்று வார்த்தை.

அந்த மூன்று வார்த்தையிலும் பாதிதான் உண்மை. 2024 நவம்பரில் ரெட்மி ஏ4 5ஜி என்று ஒரு போன் வந்தது. ஆரம்ப விலை 8,499 ரூபாய். பத்தாயிரத்துக்குள் 5ஜி என்று எல்லாரும் கொண்டாடினார்கள். அதில் இருந்த ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 சிப், 5ஜியில் எஸ்ஏ என்ற வகையை மட்டும்தான் பேசும். ஜியோவின் 5ஜி அந்த வகை. ஏர்டெல் தன் 5ஜியை விரித்தது என்எஸ்ஏ என்ற இன்னொரு வகையில். 4ஜியைத் தோளாக வைத்து அதன் மேல் ஏறி நிற்கிற ஏற்பாடு அது. இரண்டு வலையிலும் ஒரே நேரத்தில் தொத்திக்கொண்டிருக்க வேண்டிய வேலையைச் சிப்பிலிருந்து எடுத்துவிட்டால் செலவு குறையும், விலையும் குறையும். தப்பில்லை. ஆனால் வாங்கின ஏர்டெல்காரருக்கு அது 4ஜி போன். பெட்டியில் பெரிய எழுத்தில் 5ஜி. என் குற்றச்சாட்டு இங்கேதான் இருக்கிறது. '5ஜி' என்பதை, 'ஐயாயிரம் எம்ஏஎச் பேட்டரி' மாதிரி, போனுக்குள் இருக்கிற ஒரு பொருளாக விற்கிறார்கள். அது போன், சிம், ஊர் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் உண்டாகிற ஒன்று. மூன்றில் ஒன்றை மாற்றினாலும் விடை மாறும்.

பேண்ட் கதையும் இதேதான். (கடையில் "பேண்ட் 28 இருக்கா?" என்று கேட்டேன். "துணிக்கடை எதிர்த்தாப்ல சார்" என்றான் பையன். கிண்டல் பண்ணினானா நிஜமாகவே சொன்னானா என்று இன்னும் தெரியவில்லை.) அதிர்வெண் குறைந்தால் அலை நீளம். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர், 3300-இல் 9 சென்டிமீட்டர்தான். நீளமானது தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். குட்டையானது வேகமாக டேட்டா தரும், ஆனால் கிராமத்து மண் சுவருக்கு வெளியேயே நின்றுவிடும். கோபுரத்தின் குரல் பெரிசு, போனின் குரல் சிறிசு. நம்ம கையில் இருப்பது அதிகபட்சம் 200 மில்லிவாட் அளவில் கத்துகிற பொருள். அதனால் ஓரத்தில் இருக்கிற வீடுகளில் கோடு தெரியும், பேச்சு போகாது. அவன் சொல்வது நமக்குக் கேட்கும், நாம் சொல்வது அவனுக்குக் கேட்காது.

கிராமத்துக்கு ஏற்ற அந்த 700 மெகாஹெர்ட்ஸ்தான் பேண்ட் 28. அது இந்தியாவுக்கு வந்த வரலாறு வேடிக்கையானது. 2016 ஏலத்தில் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் அடிப்படை விலை வைத்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. 2021-இல் விலையைக் குறைத்தார்கள், அப்போதும் யாரும் கேட்கவில்லை. 2022-இல் இன்னும் குறைத்த பிறகு ஜியோ மட்டும் 10 மெகாஹெர்ட்ஸை நாடு முழுக்க 39,270 கோடிக்கு எடுத்தது, 5ஜிக்காக. 2023-இல் மத்திய அமைச்சரவை பிஎஸ்என்எல்லுக்கும் 700-இல் இடம் ஒதுக்கியது. ஆக ஆறேழு வருஷம் அந்த அலைக்கற்றை சும்மா கிடந்தது. யாரும் பயன்படுத்தாத பேண்டுக்கு எந்தக் கம்பெனி போனில் வடிகட்டி வைக்கும்? ஒவ்வொரு பேண்டுக்கும் உள்ளே தனி வடிகட்டி வேண்டும், ஒவ்வொன்றும் காசு. அதனால் அந்த வருஷங்களில் இந்தியாவுக்கென்று செய்த மலிவுப் போன்கள் பலவற்றின் 4ஜி பட்டியலில் 1, 3, 5, 8, 40, 41 இருக்கும், 28 இருக்காது. இன்று பிஎஸ்என்எல்லின் 4ஜி 700-இலும் 2100-இலும் வருகிறது. 2024 ஜூலையில் தனியார் கட்டணம் ஏறியபோது அங்கே மாறின ஆட்கள் நிறைய. அவர்களில் பழைய போன் வைத்திருப்பவர்கள் தங்கள் போனின் பட்டியலை ஒருமுறை பார்ப்பது நல்லது. குறை கோபுரத்தில் இல்லாமல் கையிலேயே இருக்கலாம்.

விளம்பரத்தில் இதற்கும் ஒரு வேஷம் இருக்கிறது. "12 5ஜி பேண்டுகள்!" எத்தனை என்பதில் ஒன்றும் இல்லை, எது என்பதில்தான் எல்லாம். 5ஜியில் இங்கே ஜியோவும் ஏர்டெல்லும் முதலில் விரித்தது என்78-ஐ. ஜியோவுக்கு என்28-உம் வேண்டும். 4ஜியில் ஜியோவுக்கு 3, 5, 40. ஏர்டெல்லுக்கு 1, 3, 8, 40. இதில் 5, 8, 28 மூன்றும் தாழ்ந்த அதிர்வெண்கள், ஊர்ப்பக்கத்துக்கு உயிர். இந்த எண்கள் தயாரிப்பாளரின் இணையதளத்தில், அந்த மாடலின் பக்கத்தில், அடியிலும் அடியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருக்கும். பெட்டியில் தேடாதீங்க. ஒரே பெயரில் வருகிற போனுக்கு நாட்டுக்கு நாடு பட்டியல் மாறும் என்பதால் பக்கம் இந்தியாவுக்கானதுதானா என்றும் பார்த்துக்கணும்.

பட்ஜெட் பற்றியும் ஒரு மனக்குறை. 'பத்தாயிரத்துக்குள்', 'பதினைந்தாயிரத்துக்குள்' என்று போடுகிற பட்டியல்களில் ரீசார்ஜ் என்ற சொல்லே வருவதில்லை. 2024 ஜூலைக்குப் பிறகு ஜியோவிலும் ஏர்டெல்லிலும் வரம்பில்லாத 5ஜி வேண்டுமென்றால் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேலான திட்டம் போடணும். ஜியோவில் அப்போது அது 28 நாளுக்கு 349 ரூபாய். 28 நாள் மாசத்தில் வருஷத்துக்கு 13 மாசம். ஆக வருஷத்துக்கு 4,537, மூன்று வருஷத்துக்கு 13,611. பன்னிரண்டாயிரம் போனை விட அதிகம். போனில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க நாலு நாள் கூப்பன் தேடுகிறோம். அம்மாவுக்கு 5ஜி வேண்டுமா என்று அரை நிமிஷம் யோசித்திருந்தால் அதைவிட மிச்சமாகியிருக்கும். வேண்டாம் என்பதுதான் விடை. அவளுக்கு வேண்டியது பேச்சு, பேத்தியோடு வீடியோ, பேங்க்கிலிருந்து வரும் ஓடிபி.

பிறகு நான் செய்தது இது. இரண்டு நிறுவனங்களின் கவரேஜ் வரைபடத்தைப் பார்த்தேன். டிராய் சொன்னதால் இப்போது எல்லாரும் வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டிலும் எங்கள் ஊர் பளபளவென்று வண்ணத்தில் இருந்தது. வரைபடத்துக்குச் சுவர் கிடையாது. அதனால் அம்மாவின் சிம்மைக் கழற்றி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். பக்கத்து வீட்டுத் தம்பி, எதிர்வீட்டு அத்தை, ரேஷன் கடைக்காரர் என்று ஐந்து பேரின் போனை ஐந்து ஐந்து நிமிஷம் கடன் வாங்கி, சிம்மை மாற்றிப் போட்டு, அம்மாவின் கட்டில் தலைமாட்டில் வைத்து என் போனிலிருந்து அடித்தேன். செட்டிங்ஸில் போன் பற்றிய பகுதியில் சிம் நிலவரம் என்று ஒன்று இருக்கும். அங்கே கோடுகளுக்குப் பதிலாக டிபிஎம் எண் தெரியும். எல்லாம் மைனஸ் கணக்கு. மைனஸ் 85 என்றால் நல்லது, மைனஸ் 115 தாண்டினால் தேறாது. கோடுகளை நம்பவே கூடாது. எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு என்பது கம்பெனி வைத்தது.

ஐந்தில் இரண்டு போன் தேறவில்லை. அதில் ஒன்று, ஐந்திலேயே விலை கூடினது. மிச்சம் மூன்றில் எதிர்வீட்டு அத்தையின் போன் கட்டிலடியிலும் மணி அடித்தது. இரண்டு வருஷப் பழைய மாடல். கேமரா சுமார், முதுகு வெறும் பிளாஸ்டிக். நான் பார்த்த விமர்சனம் ஒன்றில் அதற்கு 'தவிர்க்கலாம்' என்று போட்டிருந்தார்கள். அத்தை, "இதையா தேடி வாங்கப் போற, கிறுக்கா?" என்றாள். அதே மாடலின் அடுத்த வருஷப் பதிப்பை, பேண்ட் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, 10,999-க்கு வாங்கினேன். 28-உம் இருந்தது. அவளுக்கு இன்று தேவையில்லை, நாளைக்கு சிம் மாற்றினால் உதவும். திருப்பி எடுத்துக்கொள்ள ஏழு நாள் தருகிற கடை என்பதால் முதல் ஏழு நாளும் நேரம் கெட்ட நேரத்தில் எல்லாம் அடித்துக்கொண்டே இருந்தேன். ராத்திரி பதினொன்றுக்கு, விடிகாலை நாலுக்கு. மூன்றாம் நாள் அம்மா எடுத்து, "யாரும் சாகலடா, தூங்கு" என்றாள்.

துபாய் போன் இப்போது பேத்தியிடம் இருக்கிறது. சிம் இல்லாமல் வைஃபையில். படம் நன்றாக எடுக்கிறதாம்.