தேக்கமும் ஓட்டமும்

குமரப்பாவை நம் எழுத்தாளர்கள் படிப்பதில்லை. காந்தி ஜெயந்தி மேடைக்கு உரியவர் என்று ஒதுக்கியாகிவிட்டது. மாற்றுப் பொருளாதாரம் பற்றிப் பேச நேர்ந்தால் ஷூமாக்கரிடம் போகிறார்கள். அந்த ஷூமாக்கரோ பௌத்தப் பொருளாதாரம் பற்றிய தம் கட்டுரையில் குமரப்பாவை மேற்கோள் காட்டுகிறார். தஞ்சாவூரில் பிறந்த மனிதர் லண்டன் சுற்றி நமக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது.

1945-இல் ஜபல்பூர்ச் சிறையில் எழுதி முடித்த 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' நூலை இங்கே நான் ஓர் எழுத்தாக எடுத்துக்கொள்கிறேன். காந்தியின் முன்னுரையைக் கண்டதும் மூடிவிடத் தேவையில்லை. உள்ளே இருப்பவர் லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, கொலம்பியாவில் பொதுநிதி படித்தவர். கணக்கர் புத்திதான் அவருடைய பலம். உலகத்தின் பொருள்களை இரண்டு பேரேடுகளில் பிரித்து எழுதுகிறார். நிலக்கரி, பெட்ரோலியம், உலோகங்கள் தேங்கிக் கிடப்பவை. எடுக்க எடுக்கக் குறைகிறவை. ஆற்று நீரும் காட்டு மரமும் ஓடிக்கொண்டிருப்பவை. அளவறிந்து எடுத்தால் மீள்கிறவை. தேக்கத்தை நம்பி வாழ்கிற சமூகம், குறைகிற பொருளுக்காக அடித்துக்கொள்ளத்தான் செய்யும். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, சில மாதங்களில் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோது உலகத்துக்கு இது புரிந்தது. குமரப்பா 1960-லேயே மதுரையில் காலமாகிவிட்டார்.

எரிசக்திப் பாதுகாப்பு என்று அரசுகள் சொல்வது பெரும்பாலும் தேக்கத்துக்குக் காவல் போடுவதுதான். விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து 53 லட்சம் டன் கச்சா எண்ணெய்க்கு இந்தியா இடம் செய்து வைத்திருக்கிறது. குமரப்பாவின் உருவகம் அப்படியே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

இதுவரை அவருடன் எனக்குச் சண்டையில்லை. சண்டை அவருடைய உவமைகளோடு. பொருளாதாரத்தின் வகைகளை அவர் இயற்கையிலிருந்து எடுக்கிறார்: ஒட்டுண்ணி, மாந்தோப்பில் புகுந்த குரங்கு, தேனீ என்று ஏறிக்கொண்டே போய், படியின் உச்சியில் தாய். கைம்மாறு கருதாத சேவை. படிக்கிறவன் மனம் நெகிழ்கிறது. நெகிழ்ந்த இடத்தில் கேள்வி நின்றுபோகிறது. உவமை இங்கே தர்க்கத்துக்குத் துணை செய்யவில்லை, தர்க்கத்தின் இடத்தில் தானே உட்கார்ந்துகொள்கிறது. கவிதையில் இந்தத் தந்திரத்தை உடனே கண்டுபிடித்துக் கண்டிக்கிற நாம், கருத்துரைநடையில் விட்டுவிடுகிறோம்.

நின்றுபோன கேள்வி இது: ஓட்டத்தின் பேரேட்டில் மனித உடம்பு எந்தப் பத்தியில் வருகிறது? அரிசி ஆலைக்கு எதிராகக் கைக்குத்தலுக்கு அவர் தரும் நியாயங்கள் சரிதான். தவிடு போகாது, வேலை போகாது. ஆனால் உலக்கை பிடித்த கை யாருடையது? விறகு சுமந்து வந்து ஈர அடுப்பை ஊதியவள் அந்த உச்சிப்படித் தாய்தான். தீர்ந்துபோகாத, விலை கேட்காத எரிபொருளாக அவள் இருந்தாள். கிராமத்தில் எந்த உடம்பு எந்த வேலைக்கு என்பதைச் சாதி முன்பே பங்கிட்டுக் கொடுத்திருந்தது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிப் பேசிய கடுமையை, பொருளாதாரம் அறியாதவரின் கோபம் என்று தள்ள முடியாது. அவரும் கொலம்பியாவில் படித்தவர்தான். குமரப்பா எழுதாமல் விட்ட பத்தியை அவர் வாசித்துக் காட்டினார் என்றே நான் கொள்கிறேன்.

பழைய வழக்கு என்று இதை முடித்துவிட முடியாதபடி ராமநாதபுரம் மாவட்டம் இருக்கிறது. அங்கே சீமைக்கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி வாழ்கிற குடும்பங்கள் உண்டு. மரம் வெட்ட வெட்டத் தழைக்கிறது: குமரப்பாவின் கணக்கில் சுத்தமான ஓட்டம். புகை போகிற நுரையீரல் கணக்கில் இல்லை. அதே மாவட்டத்தில் கமுதிக்கருகே 2016-இல் அதானி குழுமம் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்தது. இதுவும் ஓட்டம்தான். வெயில் தீராது. ஆனால் பலகை பதித்த நிலம் வேலிக்குள் போயிற்று. மின்சாரம் உயரழுத்தக் கம்பியில் மாநிலக் கட்டமைப்புக்குப் போகிறது. ஓடுகிற பொருளைப் பிடித்தால் பூசல் தணியும் என்ற குமரப்பாவின் எதிர்பார்ப்பு, பிடிக்கிற பாத்திரம் யாருடையது என்று கேட்கவில்லை. ஓட்டத்தையும் தேக்கிவைக்க முடியும். பத்திரம் இருந்தால் போதும்.

இவ்விடத்தில் இவான் இல்லிச் உதவுகிறார். எண்ணெய் நெருக்கடிக்குச் சில மாதங்கள் முன்பு, 1973 மே மாதம், பாரிஸின் 'லெ மோந்த்' நாளிதழில் வந்த கட்டுரையில் அவர் எரிபொருளின் வகையைப் பொருட்படுத்தவில்லை. தலைக்கு எவ்வளவு என்று கேட்டார். ஓர் அளவுக்கு மேல் போனால், மாசற்ற சக்தியும் மனித உறவுகளைக் குலைக்கும் என்றார். காரை ஓட்டவும், காருக்காகச் சம்பாதிக்கவும் ஓர் அமெரிக்கன் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் கொடுத்து 7,500 மைல் போகிறான். மணிக்கு ஐந்து மைல்கூட இல்லை. அவர் முன்வைத்த சைக்கிளுக்கும் உருக்காலை வேண்டும் என்பதை அவருடைய சீடர்கள் அதிகம் பேசுவதில்லை. போகட்டும். நடையில் குமரப்பாவைவிட இல்லிச் எனக்கு உவப்பானவர், காரணம் அவரிடம் தாய் இல்லை, மணிக்கணக்கு இருக்கிறது. மறுக்க நினைப்பவன் எண்ணை எடுத்துச் சரிபார்க்கலாம். தாயை யார் சரிபார்ப்பது?

ஆனால் இல்லிச்சின் உச்சவரம்பு மேலே இருப்பவனுக்கு. மூட்டத்தடியில் நிற்பவளுக்கு ஒரு கீழ்வரம்பு வேண்டும்: இவ்வளவு சக்தியாவது அவள் உடம்புக்கு வெளியிலிருந்து வந்தாக வேண்டும் என்று. இரண்டு வரம்பையும் ஒரே பேரேட்டில் எழுதிய தமிழ் உரைநடை எதையும் நான் இன்னும் படிக்கவில்லை.