'அவர்' என்னும் மறைப்பு: 'ஆரெக்டி பிரேமேர் கல்போ' திரைப்படமும் தமிழாக்கச் சிக்கலும்

வங்கமொழியின் படர்க்கை இடப்பெயர் பால் காட்டுவதில்லை. 'ஷே' என்பது அவனையும் குறிக்கும், அவளையும் குறிக்கும். 'உனி' என்பது மதிப்பிற்குரிய எவரையும் குறிக்கும். வினைமுற்று மதிப்பு வேறுபாட்டை ஏற்குமேயன்றிப் பால் வேறுபாட்டை ஏற்பதில்லை. இந்தி 'ஆதா', 'ஆதீ' எனப் பிரித்துரைக்கும் இடத்திலும் வங்கமொழிக்கு ஒரே வடிவம் போதும். மொழியியல் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் செய்தி இது. எனினும், ஓர் ஆணின்பால் தான் கொண்ட காதலை மறைத்து வாழும் ஆணைப் பற்றிய படைப்பில் இவ்விலக்கணச் செய்தி வேறொரு பொருண்மை பெறுகிறது.

கௌசிக் கங்குலியின் இயக்கத்தில் 2010இல் வெளிவந்த 'ஆரெக்டி பிரேமேர் கல்போ' அத்தகைய படைப்பாகும். தன்பாற்புணர்ச்சியைக் குற்றமன்று எனத் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த 2009ஆம் ஆண்டிற்கு அடுத்த ஆண்டு அது. அத்தீர்ப்பு 2013இல் உச்சநீதிமன்றத்தால் தள்ளப்பட்டு, 2018இல்தான் மீண்டும் விடுதலை கிட்டியது. படத்தில், அபிரூப் சென் என்னும் ஆவணப்பட இயக்குநர், முதிய ஜாத்ரா நடிகர் சபல் பாதுரியின் வாழ்வைப் படமாக்குகிறார். அபிரூப்பாக ரிதுபர்ணோ கோஷ் நடித்தார். சபல் பாதுரி தாமாகவே தோன்றினார். அபிரூப்பின் காதலனான ஒளிப்பதிவாளர் பாசு மணமானவர். சபலின் இளமைக் காதலரும் அவ்வாறே.

சபல் பாதுரி கற்பனை மாந்தரல்லர். நடிகை பிரபாதேவியின் மகன். கொல்கத்தா ஜாத்ராக் குழுக்களில் 'சபல் ராணி' எனப் புகழ்பெற்ற பெண்வேடக் கலைஞர். நம் நாடகக் குழுக்களில் 'ஸ்திரீபார்ட்' என வழங்கிய மரபினை ஒத்தது அவர் கலை. பெண்களே மேடையேறத் தொடங்கியபின் அவர்க்கு வாய்ப்புகள் அருகின. பிற்காலத்தில் அம்மை நோய்த் தெய்வமான சீதளாதேவியாக வேடமிட்டு ஆடினார். கொல்கத்தாவின் நவீன் கிஷோர் 1999இல் எடுத்த ஆவணப்படத்தில் தம் வாழ்வைத் தாமே எடுத்துரைத்தார்.

வங்கமொழி பால் காட்டாமையின் அது மறைந்து வாழ்வோர்க்கு இடமளிக்கும் மொழி என்று கருதத் தோன்றும். தன் காதலைப் பற்றி ஒருவர் மணிக்கணக்கில் பேசினும், அன்புக்குரியவர் ஆணா பெண்ணா என்பதை இடப்பெயர் காட்டிக்கொடுக்காது. ஆயின் இக்கருத்து பாதி உண்மையே. இடப்பெயர் மறைப்பதை முறைப்பெயர் வெளிப்படுத்திவிடுகிறது. பெயரை அடுத்து 'தா' சேர்ந்தால் அண்ணன். 'தி' சேர்ந்தால் அக்காள். இவற்றுள் ஒன்றைத் தேராமல் மூத்தவர் ஒருவரை இயல்பாக விளிப்பது கொல்கத்தாவில் அரிது. பெண்மை சார்ந்த உடையிலும் ஒப்பனையிலும் பொதுவிடங்களில் தோன்றிய ரிதுபர்ணோவைத் திரையுலகம் 'ரிதுதா' என்றே அழைத்துவந்தது. (இந்தத் 'தா'வைத் தமிழ் 'டா'வாகக் கேட்டு மயங்குவோர் உளர். ஒன்று மதிப்பு விளி. மற்றது நெருக்கமோ இழிவோ காட்டுவது.) இலக்கணம் பாலை விட்டொழித்த மொழியில் உறவுமுறை அதனைக் காவல் காக்கிறது.

தமிழின் நிலை வேறு. 'வந்தான்', 'வந்தாள்' என வினைமுற்றே பாலை அறிவித்துவிடும். தன்மை, முன்னிலை இடங்களில் தமிழும் பாலை மறைக்கவல்லது. 'காத்திருந்தேன்' என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆகவே சபல் தம்மைப் பற்றிப் பேசும் பகுதிகள் மொழிபெயர்ப்பாளர்க்கு இடர் தருவன அல்ல. காதலரைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே சிக்கல் எழுகிறது. 'அவன்' என்றால், மூலத்தில் கேட்போர் காத்திருந்து அறிவதை முதற்சொல்லிலேயே உடைத்துவிடும். பால் காட்டாத 'அவர்' பாதுகாப்பான தெரிவாகத் தோன்றும்.

அது அத்துணை பாதுகாப்பானதன்று. தமிழில் 'அவர்' என்பது மதிப்புப் பன்மை மட்டுமன்று. கணவன் பெயரைச் சொல்லாத மனைவி அவனைச் சுட்டும் சொல்லும் அதுவே. 'அவர் இன்னும் வரவில்லை' எனப் பெயரின்றிச் சொன்னால், சொல்பவர் மனைவி எனத் தமிழ்ச்செவி உணரும். வங்கத்தின் பழந்தலைமுறைப் பெண்களும் கணவனை 'உனி' என்றே சுட்டினர். மணமான ஒருவரைக் காதலித்து, ஊரறிய எவ்வுரிமையும் கோரவியலாத சபலின் வாயில் 'அவர்' வரும்போது, மறைப்பதற்காக எடுத்த சொல் மனைவியின் இடத்தை அவர்க்கு அளித்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் இதனைப் பிழையெனக் கருதி நீக்க வேண்டியதில்லை. சபலின் வாழ்வில் ஒளிக்கப்பட்டது எதுவோ அதுவே இச்சொல்லில் ஒலிக்கிறது. மாறாக, அபிரூப் பாசுவைச் சுட்டுகையில் 'அவர்' பொருந்தாது. அவ்வுறவு தலைநகரில் வாழும், ஆங்கிலம் கலந்து பேசும் தலைமுறையைச் சார்ந்தது. அங்கு 'அவன்' என்பதே இயல்பு. இரு தலைமுறையின் வேறுபாட்டை இவ்விரு சொற்களே சுமக்கக்கூடும்.

படத்தின் குறையும் இங்கேதான் உள்ளது. சபலின் இளமைத் தோற்றத்தையும் ரிதுபர்ணோவே ஏற்றார். இரு காதலரையும் இந்திரநீல் சென்குப்தாவே நடித்தார். இதனால் முதியவரின் துயர் இளையவரின் துயர்க்குக் கண்ணாடியாகச் சுருங்குகிறது. சபல் மறைத்ததும் பாசு மறைப்பதும் ஒன்றன்று: ஒருவர்க்கு வேறு வழியில்லை, மற்றவர்க்கு வழிகள் இருந்தும் துணிவில்லை. இவ்வேறுபாட்டை இயக்குநரின் திரைக்கதையைவிட, ஒளிக்கருவியின் முன் அமர்ந்து ஜாத்ராவின் நாவொழுங்கு மாறாமல் பேசும் சபலின் குரலே நன்கு உணர்த்துகிறது. அக்குரலில் இக்காலக் கலைச்சொற்களை ஏற்றுவது தவறாகும். தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியல் செய்தித்தாளுக்கும் அலுவலகத்திற்கும் பெரும்பயன் உடையது. தம் நிலைக்குப் பெயரே இன்றி வாழ்ந்த ஒருவரின் பேச்சிற்கு அது உரியதன்று.

அபிரூப்பைப் பிறர் சுட்டும் இடங்கள் இன்னும் கடினமானவை. அவர் தம்மை ஆணினின்றும் பெண்ணினின்றும் வேறாகவே நிறுத்துகிறார். தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே இவ்வினாவை எதிர்கொண்டார் என்பது எண்ணத்தக்கது. ஆண்மை திரிந்த பெயர்க்குத் தனக்கென ஈறு இல்லை. உயர்திணை ஈறுகளையே அது ஏற்கும். ஆண்பால் ஈறு அதற்கு ஆகாது என்பது அவர் வகுத்த விதி. 'பேடி வந்தாள்' என்பது உரைமரபு காட்டும் எடுத்துக்காட்டு. அவ்வழி சென்றால் பாசுவின் நண்பர் அபிரூப்பை 'அவள்' எனல் வேண்டும். எள்ளலாக ஒருவன் சொல்லும் 'அவள்' வேறு, பரிவோடு சொல்லும் 'அவள்' வேறு. வங்கமொழியின் 'ஓ' இவ்விரண்டையும் குரலுக்கு விட்டுவிடும். தமிழாக்கத்தில் ஒவ்வோர் உரையாடலையும் தனித்தனியே நோக்கி முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

தலைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. 'ஆரெக்டி' என்பதன் இறுதியிலுள்ள 'ட்டி' எண்ணுப்பெயரோடு வரும் ஒட்டு. 'ட்டா' என்பது பொதுவானது. 'ட்டி' என்பது சிறுமையும் கனிவும் தோன்ற வருவது. 'மற்றுமொரு காதல் கதை' என்று பெயர்த்தால் சலிப்பு ஒலிக்கும். 'இன்னொரு காதல் கதை' சற்றே நெருங்கி வரும்; கனிவு அதிலும் வாராது.