துண்டுக்குள்ளே விரல்

வெள்ளகோவிலில் கோவை - திருச்சி ரோட்டோரம் ஒரு டீக்கடை. பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. முருங்கைக்காய்க் கட்டுகளை மொபெட்டின் பின்னால் வைத்துக்கட்டிக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்து பெஞ்சில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் கையில் பேப்பர்.

“நேத்து வரைக்கும் மேடை போட்டுத் திட்டுனவன், இன்னைக்கு அவிங்ககூடவே போயி உக்காந்து பேசறான் பாருங்க மாப்பிள்ளை. முதுகெலும்பு இல்லாதவன்.”

மாப்பிள்ளை டீயை ஆற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். “ஏனுங் மாமா, வேலித் தகராறுக்குப் பதினெட்டு வருசம் கோர்ட்டுக்கு நடந்தீங்க. உங்களுக்கு முதுகெலும்பு இருந்துச்சு. தோட்டம் இருக்குதுங்களா?”

மாமா பதில் சொல்லவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டார். எனக்குப் பஸ் வந்துவிட்டது. ஆனால், அந்தக் கேள்வி என்னோடேயே ஏறிக்கொண்டது.

கல்யாண மண்டபத்தில் வாழ்த்த வருகிற எல்லோரும், “விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை” என்கிறார்கள். அதே ஆள் அரசியல் மேடை ஏறினால், விட்டுக்கொடுத்தவனுக்கு அவர் வைக்கிற பெயரே வேறு. விலை போனான், சோரம் போனான், மண்டியிட்டான். குடும்பத்தில் குணமாக இருப்பது அரசியலில் எப்படிக் குற்றமாகிறது?

இது இன்று வந்த வியாதி அல்ல. 1907-ல் சூரத் காங்கிரஸ் பிளந்தபோது கோகலே கோஷ்டிக்கு மிதவாதிகள் என்று பேர். வ.உ.சி.யும் பாரதியும் நின்றது திலகர் பக்கம். நம் மனசும் அவர்களோடுதான் நின்றது. அதில் தப்பில்லை. ஆனால், அன்றிலிருந்து ‘மிதம்’ என்ற சொல்லில் ஒரு பயந்தாங்கொள்ளி வாடை ஒட்டிக்கொண்டுவிட்டது. சினிமாவும் தன் பங்குக்கு உதவியது. சமரசம் பேசுகிற கதாபாத்திரம் ஒன்று வில்லனின் கையாளாக இருக்கும். இல்லாவிட்டால் இடைவேளைக்கு முன்னால் செத்துப்போகும்.

சரி, வெள்ளகோவிலுக்கே திரும்புவோம். ஏனென்றால், இந்தக் கேள்விக்கு அந்த ஊர் வழியாகவே ஒரு பதில் ஓடிக்கொண்டிருக்கிறது. எப்போதாவது ஓடுகிறது என்பதுதான் பிரச்னை. பி.ஏ.பி. வாய்க்கால்.

பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் கடைமடைப் பகுதி வெள்ளகோவில். ஆனைமலையில் பிறந்து மேற்கே கேரளத்துக்குள் இறங்கி அரபிக்கடலுக்குப் போகிற ஆறுகளில் ஒரு பங்கை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பி, உடுமலை திருமூர்த்தி அணைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பல்லடம், காங்கயம் என்று இழுத்துவந்து விடுகிறார்கள். மழை மறைவுப் பிரதேசம். கிணறு வெட்டியே சொத்து அழித்த பூமி. இங்கே மக்காச்சோளமும் தென்னையும் நிற்பதில் அந்த வாய்க்காலுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தத் தண்ணீர் எப்படிக் கிடைத்தது? போராடி ஜெயித்தோமா? இல்லை. பேசி வாங்கினோம். கொடுத்து வாங்கினோம்.

காலத்தைக் கவனியுங்கள். 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. தேவிகுளம், பீர்மேடு கைவிட்டுப் போன காயம் ஆறவில்லை. சென்னையில் காமராஜரின் காங்கிரஸ் அரசு. திருவனந்தபுரத்தில் 1957-லிருந்து ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அரசு. அகில இந்திய அளவில் இரண்டு கட்சிகளும் எலியும் பூனையும். தமிழ்நாட்டுத் தரப்பில் முன்னால் நின்றவர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி.சுப்பிரமணியம். கேரள அமைச்சரவையில் நீர்ப்பாசனத்தைக் கவனித்தவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். ஆமாம், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான அதே கிருஷ்ணய்யர்.

இவர்கள் ஒரு புரிதலுக்கு வந்தார்கள். 1961 அக்டோபரில் நேரு வந்து திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆச்சரியம் என்னவென்றால், முறைப்படி ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29-ல்! 1958 நவம்பர் 9-லிருந்தே இது செல்லும் என்று அதில் எழுதிக்கொண்டார்கள். நடுவில் 12 வருஷம். 1959-ல் ஈ.எம்.எஸ். அரசை டெல்லி கலைத்தது. காமராஜர் பதவியை விட்டு விலகினார். 1967-ல் இங்கே ஆட்சியே கைமாறியது. கையெழுத்திட்ட காலத்தில் இங்கே முதல்வர் கருணாநிதி, அங்கே அச்சுத மேனன். அதாவது, பேச்சைத் தொடங்கிய ஆட்கள் ஒருவர்கூட நாற்காலியில் இல்லை. பேச்சு மட்டும் இருந்தது.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? தமிழ்நாட்டுக்கு மொத்தம் 30.5 டி.எம்.சி. பதிலுக்கு, சித்தூர்ப் பாசனத்துக்காக மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு விட்டாக வேண்டும். கேரளச் சோலையாறுக்கு 12.3 டி.எம்.சி. பரம்பிக்குளம் அணை இருப்பது கேரள மண்ணில். பராமரித்து இயக்குவது தமிழ்நாடு. கேரளக்காரர் ஒருவர் தன் மாநிலத்து அணையைப் பார்க்க பொள்ளாச்சி, சேத்துமடை என்று நம் ஊருக்குள் வந்து சுற்றித்தான் போக வேண்டும். இன்றைய டி.வி. விவாதத்தில் இந்த ஷரத்துக்களை வைத்தால் இரண்டு மாநிலத்திலும் எத்தனை துரோகிகள் பிறப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். “நம் மண்ணில் அவன் அணையா?” என்று அங்கே. “நாம் கட்டிய அணையிலிருந்து அவனுக்குத் தண்ணியா?” என்று இங்கே.

காவிரியையும் இதையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். அங்கே ஏற்கெனவே பயிர் வைத்துவிட்ட தண்ணீரைப் பிரிக்க வேண்டியிருந்தது. இங்கே பங்கிடப்படாத நீர் இருந்தது. எதிர்த் தரப்பு பேச மறுத்தால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். இருந்தாலும் ஒரு கணக்கு உறுத்துகிறது. 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றம். பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டிய 192 டி.எம்.சி., கடைசியில் 177.25 ஆயிற்று. வீரமாக நின்றாலும் கடைசியில் யாரோ ஒருவர் நமக்காகச் சமரசம் செய்துவைக்கத்தான் செய்கிறார். அதை நாமே செய்தோமா, நீதிபதி செய்தாரா என்பதுதான் வித்தியாசம்.

*

வெள்ளகோவில் பக்கத்தில் கண்ணபுரம். சித்திரையில் மாரியம்மன் தேரை ஒட்டி அங்கே மாட்டுச் சந்தை கூடும். காங்கயம் காளைகள் வரிசைகட்டி நிற்கும். பழைய ஆட்கள் விலை பேசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரலுக்கு என்ன விலை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியாது.

எதற்கு இந்த மூடுமந்திரம்? சத்தம் போட்டுச் சொன்ன விலையிலிருந்து இறங்கினால் கௌரவம் போய்விடும். துண்டுக்குள் இறங்கினால் போகாது. விட்டுக்கொடுக்க ஒரு மறைவு வேண்டும். 1958-ல் அவர்களுக்கு அந்தத் துண்டு இருந்தது. இன்றைக்கு முதல் விரலைப் பிடிப்பதற்குள் பிளாஷ் நியூஸ் வந்துவிடுகிறது. தலைவர்கள் விறைப்பாக நிற்பதற்குப் பாதிக் காரணம் கொள்கை. மீதிப் பாதி கேமரா.

ஆனால், ஒன்று. விலை படிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும். மாடு வெளிச்சத்தில் கைமாற வேண்டும். பேச்சு மறைவில் நடக்கலாம், முடிவு மறைவில் இருக்கக் கூடாது. பரம்பிக்குளத்தில் முடிவை டி.எம்.சி. கணக்கில் எழுதிவைத்தார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், சண்டை போடலாம். துண்டை எடுக்காமலே எழுந்து போகிற பேரத்துக்குச் சமரசம் என்று பேர் கிடையாது. அதில் லாபம் தரகருக்கு மட்டும்தான்.

*

‘பேசிப் பேசியே ஏமாந்தவர்களைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?’ என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான்.

கிட்டத்தட்ட அதே காலம். 1957 ஜூலை 26-ல் கொழும்பில் பண்டாரநாயக்காவும் தந்தை செல்வாவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். செல்வநாயகம் கேட்டது கூட்டாட்சி. ஒப்புக்கொண்டது பிராந்திய சபைகள். எவ்வளவு இறங்கி வந்திருக்கிறார், பாருங்கள்! 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே கலவரம். 1965-ல் டட்லி சேனநாயக்காவோடு மறுபடி ஓர் ஒப்பந்தம். அதுவும் நிறைவேறவில்லை. பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

இதை வைத்து, “மிதவாதம் என்றால் பலவீனம். நிரூபணம் ஆகிவிட்டது” என்று பேசுகிறவர்கள் நிறைய. எனக்கு வேறு மாதிரி படுகிறது. அந்தக் கதையில் பலவீனமானவர் இறங்கி வந்த செல்வநாயகமா? இறங்கிய பிறகு சொந்த ஆட்களின் கூச்சலுக்குப் பயந்து ஒப்பந்தத்தைக் கைவிட்டவரா? எதிரியோடு பேசுவதற்குத் தேவைப்படுகிற தைரியம் கொஞ்சம்தான். பேசிவிட்டு வந்து சொந்த ஆட்களிடம், “இதைத்தான் கொடுத்தேன், இதைத்தான் வாங்கினேன்” என்று சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் நெஞ்சு வேண்டும். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் அடுத்தடுத்து வந்தவர்களுக்கு அது இருந்தது. கொழும்பில் இல்லை. 1959-ல் அதே பண்டாரநாயக்காவை ஒரு பிக்குவே சுட்டுக் கொன்றார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கூச்சலுக்குப் பணிந்தவரைக் கூச்சல் காப்பாற்றவில்லை.

*

பரம்பிக்குளத்தைப் புகழ்ந்து முடித்துவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அதிலும் ஓட்டைகள் உண்டு.

முதல் ஓட்டை, துண்டுக்குள் யார் கை இருந்தது என்பது. அணைகள் எழும்பிய காட்டில் காடர், மலசர் குடிகள் இருந்தார்கள். இரண்டு மாநிலங்கள் பேசிய மேஜையில் அவர்களுக்கு நாற்காலி போடவில்லை. இரண்டு பேர் பெருந்தன்மையாகப் பங்கு போட்டுக்கொள்ளும்போது, பங்கு போடப்படுவது மூன்றாவது ஆளின் வீடாக இருந்துவிடலாம்.

இரண்டாவது ஓட்டைதான் வெள்ளகோவில்காரர்களை நேரடியாகத் தொடுகிறது. ஆரம்பத்தில் இந்தத் திட்டத்தின் பாசனப் பரப்பு சுமார் இரண்டரை லட்சம் ஏக்கர். 1990-களில் அது சுமார் 3.77 லட்சம் ஏக்கராக விரிந்தது. தண்ணீர் விரியவில்லை. சேர்க்கப்பட்ட நிலமும் காய்ந்த நிலம்தான். கேட்டவர்களும் விவசாயிகள்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால், நான்கு மண்டலமாகப் பிரித்து, ஒரு நிலத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீர் என்றாகிவிட்டது. அதிலும் மேலே இருக்கிறவன் எடுத்தது போகத்தான் கீழே.

அதனால்தான் வாய்க்காலின் வால் பகுதியில் இருக்கிற வெள்ளகோவில், காங்கயம் விவசாயிகள் எங்கள் பங்கைக் கொடுங்கள் என்று உண்ணாவிரதம் வரை போக வேண்டிவந்தது. இவர்கள் கை நீட்டியது கேரளாவைப் பார்த்து அல்ல. சொந்த மாவட்டத்து மேல்மடையைப் பார்த்து, தண்ணீர்த் திருட்டைக் கண்டுகொள்ளாதவர்களைப் பார்த்து.

இங்கேதான் எனக்கு அந்த டீக்கடைக் கேள்விக்கு விடை கிடைத்த மாதிரி இருந்தது. 1958-ல் நடந்ததும் விட்டுக்கொடுத்தல். 90-களில் நடந்ததும் விட்டுக்கொடுத்தல். முதலாவது, எதிரே இருப்பவனுக்குக் கொஞ்சம் கொடுத்து, அதைச் சொந்த ஜனத்திடம் ஒப்புக்கொண்டது. இரண்டாவது, சொந்த ஜனத்தில் யாருக்கும் ‘இல்லை’ என்று சொல்ல முடியாமல், இருக்கிற தண்ணீரை எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தது. இதில் யாரும் யாரிடமும் தோற்கவில்லை. எல்லோருக்கும் மாலை விழுந்தது. விலையை மட்டும் கடைமடைக்காரன் கொடுத்தான். அறிவு எது, பலவீனம் எது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

மூன்றாவது ஓட்டை, மறதி. 30 வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் 1988-ல் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு முதல்வர்கள், எடப்பாடி பழனிசாமியும் பினராயி விஜயனும், திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து இதைப் பேசிக் குழு போட்டது 2019 செப்டம்பரில்! ஆனைமலையாறு - நல்லாறு என்று மேற்கு மாவட்ட விவசாயிகள் தலைமுறையாகக் கேட்கிற தண்ணீரும் அந்தப் பேச்சோடு கட்டுண்டு கிடக்கிறது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் ஷட்டர் ஒன்று சங்கிலி அறுந்து போனது. பல டி.எம்.சி. தண்ணீர் வீணாக ஓடிற்று. சமரசமும் ஷட்டர் மாதிரிதான். போட்டுவிட்டால் போதாது. வருஷா வருஷம் எண்ணெய் போட வேண்டும்.

அடுத்த முறை ஒரு தலைவர் இறங்கி வந்தார் என்று பேப்பரில் படித்தால், உடனே கைதட்டவும் வேண்டாம், காறித் துப்பவும் வேண்டாம். இரண்டே கேள்வி கேளுங்கள். கொடுத்தது யாருடைய பங்கு? துண்டை எடுத்துக் காட்டினாரா, இல்லையா?

வெள்ளகோவில் டீக்கடை மாமாவை மறுபடி பார்க்க நேர்ந்தால், பதினெட்டு வருஷ வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்க ஆசை. கேட்க மாட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் யார் இருந்தது என்று மட்டும் கேட்பேன். அண்ணன் தம்பியாகத்தான் இருக்கும்.