பாலூட்டி: ஒரு பெயரின் அரசியல்

உயிரியல் பாடநூலை இலக்கியப் பிரதியைப் போல யாரும் வாசிப்பதில்லை. தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். ஆனால் உடலைப் பற்றி நம் பெண் பிள்ளைகள் பலர் நாலு பேர் முன்னிலையில், கூச்சமில்லாமல் கேட்கக்கூடிய முதல் சொற்கள் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. ஆகவே அதையும் ஒரு பிரதியாகவே எடுத்துக்கொள்கிறேன். உயிரினங்களின் வகைப்பாடு, செல்லின் வகைகள் என்ற இரண்டு பாடங்களின் மொழியை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

'மம்மாலியா' என்ற பெயரைச் சூட்டியவர் ஸ்வீடன் நாட்டின் கார்ல் லின்னேயஸ். ஆண்டு 1758, நூல் 'சிஸ்டமா நேச்சுரே'யின் பத்தாம் பதிப்பு. அதற்கு முன் இந்த விலங்குகளை அவர் 'குவாட்ருபீடியா', அதாவது நான்கு கால் உடையவை என்று அழைத்துவந்தார். திமிங்கிலத்தையும் சேர்க்க வேண்டியிருந்ததால் புதுப் பெயர் தேவைப்பட்டது. மயிர் இருப்பது இந்த விலங்குகளின் பொது இயல்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு. நடுச்செவியில் மூன்று சிற்றெலும்புகள் இருப்பதும் அப்படியே. லின்னேயஸ் தேர்ந்துகொண்டது முலையை. பெண் உடலில், அதுவும் வாழ்வின் சில காலம் மட்டுமே பால் சுரக்கும் உறுப்பு, ஆணையும் உள்ளடக்கிய ஒரு வகுப்பு முழுவதற்கும் பெயரானது.

ஏன் என்ற கேள்வியை அறிவியல் வரலாற்றாசிரியர் லோண்டா ஷீபிங்கர் 1993இல் விரிவாக எழுப்பினார். லின்னேயஸ் ஒரு மருத்துவர். மேட்டுக்குடித் தாய்மார்கள் குழந்தையைச் செவிலித்தாயிடம் கொடுக்கக் கூடாது, தாமே பாலூட்ட வேண்டும் என்று 1752இல் எழுதியவர். பெண்ணின் இடம் வீடு என்பதை இயற்கையைச் சாட்சியாக வைத்து நிறுவிய காலம் அது. இன்னொன்றையும் ஷீபிங்கர் சுட்டிக்காட்டுகிறார். அதே பதிப்பில்தான் மனித இனத்துக்கு 'ஹோமோ சேப்பியன்ஸ்', அறிவுள்ள மனிதன், என்ற பெயரும் வருகிறது. நம்மை விலங்கோடு சேர்க்க முலை. விலங்கிலிருந்து பிரிக்க அறிவு. அறிவு ஆணுக்குரியது என்று நம்பிய ஒரு காலத்தில் இந்த இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. அதே நூல் மனிதர்களையும் நான்கு வகையாகப் பிரித்து, ஐரோப்பியர் சட்டத்தால் ஆளப்படுபவர், ஆப்பிரிக்கர் மனம்போன போக்கில் நடப்பவர் என்று எழுதியது. பிறப்பை வைத்துக் குணம் சொல்லும் அடுக்கு எப்படிப்பட்டது என்று சாதிச் சமூகத்தில் வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழில் இந்தப் பெயர் 'பாலூட்டி' ஆனது. லத்தீன் சொல்லில் இருந்த உறுப்பு போய்விட்டது. ஊட்டுதல் என்ற வேலை வந்திருக்கிறது. ஊட்டுவது உழைப்பு, அதைச் செய்கிற ஓர் உயிர் உண்டு என்பதை இந்தச் சொல் ஒத்துக்கொள்கிறது. இதைப் பெண்ணிய வெற்றி என்று நான் கொண்டாடமாட்டேன். முலை என்று சொல்லக் கூசியதாலும் அப்படி ஆகியிருக்கலாம். குட்டி ரேவதி 2002இல் தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தபோது கொதித்த சூழல் இது. அதே சொல் லத்தீன் உடையில் வந்தால் வகுப்பறையில் மதிப்பெண் தருகிறது.

அடுத்து செல். ஒரு செல் பிரிந்து இரண்டாகும்போது ஆங்கிலம் அவற்றை மகள்கள் என்கிறது. இலங்கைத் தமிழில் அது அப்படியே 'மகட்கலம்'. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'சேய் செல்'. பிரிகிற பாக்டீரியத்துக்குப் பாலினம் கிடையாது. பிரிந்த பின் தாய் என்று தனியாக ஒன்று மிஞ்சுவதும் இல்லை. பெருகுவது பெண்ணின் வேலை என்ற நினைப்பு 'மகள்' என்ற சொல்லுக்குள் இருப்பதாகவே நான் வாசிக்கிறேன். 'சேய்' அந்த நினைப்பைச் சுமக்காமல் அதே அறிவியலைச் சொல்லிவிடுகிறது.

இனச்செல்களுக்கு வந்தால் மொழி இன்னும் வெளிப்படையாகிறது. விந்தணு நீந்துகிறது, போட்டியிடுகிறது, துளைக்கிறது, அண்டம் காத்திருக்கிறது. இந்தக் காதல் கதையைத்தான் மானிடவியலாளர் எமிலி மார்ட்டின் 1991இல் மருத்துவப் பாடநூல்களிலிருந்து எடுத்துக் காட்டினார். விந்தணுவைப் பிடித்து நிறுத்துவதில் அண்டத்தின் மேலுறைக்கும் பங்குண்டு. நம் மைட்டோகாண்ட்ரியா நமக்கு வந்ததும் அண்டத்தின் வழியாகத்தான்.

அந்த மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியம் என்றும், உட்கரு உள்ள செல் இப்படி ஒன்றுக்குள் ஒன்று குடியேறி உருவானது என்றும் வாதிட்டவர் லின் மார்குலிஸ். பல இதழ்கள் திருப்பி அனுப்பிய அவருடைய கட்டுரை 1967இல்தான் அச்சேறியது. இன்று அது பாடம். இதை வைத்துக் கூடிவாழ்தலே பெண்மை என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாக்டீரியத்துக்குப் பெண்மையைக் கொடுப்பதும், பிரிந்த செல்லை மகள் என்பதும் ஒரே பழக்கம்தான்.

பால்சுரப்பிகள் இருப்பது உண்மை, செல் பிரிவதும் உண்மை. அவற்றை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதை மனிதர்கள், ஒரு குறிப்பிட்ட காலத்தில், தங்கள் நம்பிக்கைகளோடு சேர்த்து முடிவு செய்தார்கள். இதைச் சொன்னால் அறிவியலை மறுப்பதாக ஆகிவிடாது. உயிரியல் படிக்கும் மாணவிகளிடம் நான் கேட்பது ஒன்றே: ஒரு கலைச்சொல்லை மனப்பாடம் செய்யும்போது, இதற்கு வேறு என்ன பெயர் வைத்திருக்கலாம் என்று நோட்டின் ஓரத்தில் எழுதிப் பாருங்கள். தேர்வில் பாடநூல் சொல்லையே எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். ஓரத்தில் எழுதிய சொல்லையும் அழித்துவிடாதீர்கள். நாளை பாடநூலை எழுதும் இடத்துக்கு உங்களில் சிலர் போவீர்கள்.