ஸொனவும் தொனவும்

அயர்லாந்தின் கேலிக் மொழியில் மகிழ்ச்சியாக இருப்பவரை ‘ஸொன’ என்பார்கள். ஸ்காட்லாந்துக் கேலிக்கிலும் இதே சொல்தான். அழுத்தமெல்லாம் முதல் அசைக்கு. கடைசி அகரத்தைப் பாதி விழுங்கிவிடுங்கள். தனியே பார்த்தால் சாதாரணச் சொல். ரசிக்க வேண்டுமானால் பக்கத்தில் ‘தொன’வை நிறுத்த வேண்டும். தொன என்றால் மோசம்.

முன்னால் ஸ வந்தால் நல்லது, த வந்தால் கெட்டது. ஆதாயம் ஸொகர், சேதம் தொகர். பணக்காரர் ஸைவிர், ஏழை தைவிர். வானம் தெளிந்திருந்தால் ஸினன், புயலடித்தால் தினன். அட்லாண்டிக் கரையில் குடியிருப்பவர்களுக்கு இரண்டுமே அடிக்கடி தேவைப்படும். சுலபம், துர்லபம் என்று பேசிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. வடமொழியின் சு, துர் பிறந்த அதே பழைய இந்தோ-ஐரோப்பிய வேர்களில்தான் இந்த முன்னொட்டுகளும் பிறந்தன.

ஸொனவுக்கு அதிர்ஷ்டசாலி என்றும் பொருள் உண்டு. ‘ஸொனஸ்’ என்று பெயர்ச்சொல்லாக்கினால் மகிழ்ச்சியும் அதுதான், அதிர்ஷ்டமும் அதுதான்.

இனி இலக்கணம். பிறந்தநாள் வாழ்த்து ‘லா ப்ரெஹ ஸொன’. கிறிஸ்துமஸ் வாழ்த்தோ ‘நொல்லிக் ஹொன’. சொல் ஒன்றேதான். நாள் அவர்களுக்கு ஆண்பால், கிறிஸ்துமஸ் பெண்பால். பெண்பால் பெயரை ஒட்டி வரும் பெயரடையின் முதல் மெய் இளகி, ஸ ஹ ஆகிவிடுகிறது. எழுதும்போதும் ஒரு ‘எச்’ கூடுதலாகச் சேரும். என்னைக் கேட்டால் கேலிக்கின் அழகில் பாதி இந்த இளகலில் இருக்கிறது. படிப்பவர்களுக்குத் தலைவலி, கேட்பவர்களுக்கு விருந்து.

நல்ல சேதி கேட்டுக் குதூகலிப்பவர் பெரும்பாலும் ஸொனவைத் தேட மாட்டார். ‘தா ஆஹஸ் ஒரம்’ என்பார்: மகிழ்ச்சி என்மேல் இருக்கிறது. பசி, தாகம், பயம், வருத்தம் எல்லாம் அங்கே ஆள்மேல்தான் வந்து உட்காரும். நாம் ‘எனக்குப் பசிக்கிறது’ என்று நான்காம் வேற்றுமைக்குப் போகிற இடத்தில் அவர்கள் ‘மேல்’ என்கிறார்கள். ஸொன அப்படி வந்து போவதல்ல, ஆளின் இயல்பையே சொல்வது. இன்னொன்று: ‘என்மேல்’ என்பது எழுத்தில் ‘ஒர்ம்’, வாயில்தான் ‘ஒரம்’. தர்மத்தை நாம் தருமம் ஆக்கவில்லையா? கேலிக்கின் இந்த உயிர்ச் செருகலை மொழியியலாளர்கள் வடமொழிப் பெயராலேயே ‘ஸ்வரபக்தி’ என்கிறார்கள்.

எழுத்தைப் பார்த்து உச்சரிப்பைப் பிடிப்பது கஷ்டம், காதால் பழகுங்கள். 1972 முதல் ஒலிபரப்பாகும் அயர்லாந்தின் கேலிக் வானொலி ‘ரேடியோ ந கேல்தக்த’ இணையத்திலும் கிடைக்கிறது. டிசம்பர் கடைசி வாரத்தில் போட்டுக் கேளுங்கள். ‘ஹொன’ காதில் விழாமல் போகாது.